மழையில் மலைச் சாலையில் சைக்கிள்: எந்தக் கால்சட்டை வாங்கலாம்?



மழையில் சைக்கிள் ஓட்டுகிறவருடைய கால்சட்டை எதனால் நனைகிறது? "மழையினால்தான். இது ஒரு கேள்வியா?" என்பீர்கள். விடை தவறன்று; ஆனால் முழு விடையும் அன்று. அந்தக் கால்சட்டைக்கு மூன்று வழிகளில் நீர் வருகிறது. வானத்திலிருந்து விழும் நீர் ஒன்று. பின்சக்கரம் சாலையிலிருந்து வாரி இறைக்கும் நீர் இரண்டு. உடலே சுரக்கும் வேர்வை மூன்று. கடைக்காரர் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுவார். மற்ற இரண்டையும் பற்றி நமக்கு இயற்பியல்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி கொல்லிமலையில் உண்மையாகவே எழும் கேள்வி. நாமக்கல் மாவட்டத்திலுள்ள இம்மலையின் மேற்பரப்பு, கடல் மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. அங்குள்ள ஊர்த் தொகுதிகளை 'நாடு' என்றே சொல்வார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு என மொத்தம் பதினான்கு நாடுகள். மேட்டிலும் பள்ளத்திலுமாகச் செல்லும் சாலைகள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்யும் மாதங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது சமவெளி நகரங்களிலிருந்து இளைஞர்கள் கியர் சைக்கிளில் வந்து இந்த வளைவுகளை மிதித்தே ஏறுகிறார்கள். அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் மாணவரும் அதே மழையில்தான் போகிறார். முதலாமவர் ஈர உடையோடு வீடு திரும்பலாம். இரண்டாமவர் ஈர உடையோடு மாலை வரை வகுப்பில் உட்கார வேண்டும். எனவே, நீர் புகாத கால்சட்டையைக் குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி என்பது விளையாட்டுக்காரர்களின் கவலை மட்டுமன்று.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆயிரம் ரூபாய்க் கால்சட்டை தேவையில்லை. மிக மலிவான பிளாஸ்டிக் கால்சட்டையை நாள் முழுவதும் போட்டுக்கொண்டிருப்பதும் சரியில்லை. நீர் எங்கிருந்து, எப்போது, எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது என்று கணக்கிட்டால், நடுத்தர விலையிலேயே நல்ல விடை கிடைக்கும். அந்தக் கணக்கை இனிக் காண்போம்.

சக்கரம் இறைக்கும் நீர்

சைக்கிள் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். அதாவது வினாடிக்கு 5 மீட்டர். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் பார்வையில், டயரின் விளிம்பும் அதே வேகத்தில்தான் சுழல்கிறது. விளிம்பில் ஒட்டிய நீர், பிடி விட்டதும் தொடுகோட்டுத் திசையில் பாய்கிறது. சக்கரத்தின் பின்புறத்தில் அந்தத் திசை நேர் மேல்நோக்கியது. அதற்குச் சற்று மேலேயுள்ள இடத்திலிருந்து கிளம்பும் நீர், மேலேயும் முன்னேயுமாக வந்து ஓட்டுகிறவரின் பின்புறத்தைத் தாக்கும்.

எவ்வளவு உயரம் எழும்பும்? பாடப் புத்தகத்தில் படித்ததுதான். வேகத்தின் இருமடியை 2ஜி-யால் வகுக்க வேண்டும். 25-ஐ 19.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.3 மீட்டர். நீர் கிளம்பும் அச்சின் உயரத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து 1.6 மீட்டர். சைக்கிளின் சீட்டோ தரையிலிருந்து சுமார் 0.9 மீட்டர்தான். காற்றின் தடையால் உயரம் கொஞ்சம் குறையும். குறைந்தாலும் சீட்டை எட்டாமல் போகாது. வேகம் 27 கிலோமீட்டரானால் எழும்பும் உயரம் 2.9 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கானால் உயரம் இரண்டேகால் மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். இறக்கத்தில் முதுகு வரை சேறு தெறிப்பதன் காரணம் இதுதான்.

இதைத் தடுக்க உலகம் கண்ட மிக மலிவான கருவி மட்கார்டு. சாதாரண சைக்கிள்களில் அது உண்டு. கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை அது இல்லாமலேயே விற்கப்படுகின்றன. ஆகவே கால்சட்டை வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர் முதலில் அதில் ஒரு சிறு பங்கைப் பின்சக்கர மட்கார்டுக்குச் செலவிடட்டும். அதற்கும் வழியில்லையென்றால் பழைய பிளாஸ்டிக் எண்ணெய்க் கேனை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, டயரில் உரசாதபடி சீட்டின் அடியில் பின்பக்கம் நீட்டிக் கட்டுங்கள். அழகு குறையும், ஆனால் கீழிருந்து வரும் மழை பெரும்பாலும் நின்றுவிடும்.

உள்ளிருந்து பெய்யும் மழை

அடுத்து வேர்வை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ சைக்கிளோடு காரவள்ளியிலிருந்து மலைமேல் ஏறுகிறார். உயர வேறுபாடு ஏறக்குறைய 1000 மீட்டர். 75 கிலோவை 1000 மீட்டர் உயர்த்தச் செய்யும் வேலை சுமார் 7,35,000 ஜூல். அதாவது 175 கிலோ கலோரி. மனிதத் தசையின் பயனுறுதிறன் நூற்றுக்கு 20 முதல் 25 வரைதான். 25 என்றே வைத்துக்கொண்டாலும், உடல் செலவிடும் ஆற்றல் 700 கிலோ கலோரி. அதில் 175 போக, மீதி 525 கிலோ கலோரியும் வெப்பமாகிறது. இந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும்.

தோலின் மேல் ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரியை எடுத்துச் செல்கிறது. 525 கிலோ கலோரி முழுவதையும் வேர்வையே எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் ஏறக்குறைய 900 கிராம் வேர்வை வேண்டும். குளிர்ந்த காற்றும் ஒரு பகுதியைக் கொண்டுபோகும். ஆனாலும் அரை லிட்டருக்கு மேல் வேர்க்கும் என்பதில் ஐயமில்லை. உடலை இறுக மூடிய பிளாஸ்டிக் கால்சட்டைக்குள் அந்த வேர்வை எங்கே போகும்? உட்புறத்தில் நீர்த்துளிகளாகப் படிந்து மீண்டும் உடலிலேயே வழியும். மழையில் நனையாமல், வேர்வையில் நனைந்து மேலே போய்ச் சேர்வோம்.

ஆபத்து அதன் பிறகுதான் வருகிறது. மலைமேல் வெப்பநிலை அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குறைவு. மிதிப்பது நின்றதும் உடலில் வெப்ப உற்பத்தி குறைகிறது. இறக்கத்தில் எதிர்க்காற்று வீசுகிறது. உடையில் 200 கிராம் நீர் தேங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பருத்திச் சட்டைக்கும் கால்சட்டைக்கும் இது சாதாரணம். அது முழுவதும் உடலின் சூட்டினாலேயே உலர வேண்டுமானால், 200-ஐ 580-ஆல் பெருக்க, 116 கிலோ கலோரி. உடலின் தன்வெப்பம் சுமார் 0.83. 50 கிலோ எடையுள்ள மாணவரின் உடலிலிருந்து இவ்வளவு வெப்பம் போய், அதை உடல் ஈடுசெய்யாவிட்டால், உடலின் வெப்பநிலை 2.8 டிகிரி குறைந்துவிடும். 37 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே மருத்துவர்கள் அதை ஆபத்தான உடற்குளிர்வு என்பார்கள். உடல் சும்மா இருப்பதில்லை. நடுங்கி வெப்பம் உண்டாக்கி ஈடுசெய்கிறது. ஆனால் நடுங்கும் கையால் பிரேக் பிடித்துக் கொண்டை ஊசி வளைவில் திரும்புவது நல்லதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. நீர் புகாத கால்சட்டை ஏற்றத்துக்கானது அன்று, இறக்கத்துக்கானது. ஏறும்போது மடித்துப் பையில் வையுங்கள். தொடைகள் மழையில் நனைந்தால் நனையட்டும். உச்சியில் நின்றதும் எடுத்து மேலே மாட்டிக்கொள்ளுங்கள். அப்படியானால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? காலணியைக் கழற்றாமலே மாட்டும் அளவு அகலமான கால்வாய், இடுப்பில் இலாஸ்டிக் அல்லது நாடா, மடித்தால் கைக்குள் அடங்கும் மெல்லிய துணி. இவற்றுக்கு விலை அதிகமில்லை.

முழுக்கால் சட்டையைவிட அரைக்கால்சட்டையே மேல் என்பதற்கும் இதே கணக்குத் துணை நிற்கிறது. துணி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோல் பிடித்து வைப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே நனைந்த தோல் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். நனைந்த முழுக்கால் சட்டை உலர மணிக்கணக்காகும். போதாக்குறைக்குச் சங்கிலியிலும் மாட்டும். நாற்று நடுகிறவர்கள் மழையில் வேட்டியை ஏற்றிக் கட்டுவதில் இந்த அறிவு அடங்கியிருக்கிறது.

எண்கள் சொல்வது என்ன?

நல்ல மழை உடைகளின் சீட்டில் 1500 மி.மீ., 5000 மி.மீ., 20,000 மி.மீ. என்று எண் போட்டிருக்கும். இது பெய்யும் மழையின் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. அந்தத் துணியின் மேல் எவ்வளவு உயரமான நீர்க்கம்பத்தை நிறுத்தினால் நீர் கசியத் தொடங்கும் என்பதே அந்த எண். ஆகவே அது அழுத்தத்தின் அளவு.

நமக்கு எவ்வளவு தேவை? ஓட்டுகிறவரின் எடையில் 40 கிலோ சீட்டின் மேல் அழுந்துகிறது, அழுந்தும் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தர 10 மீட்டர் நீர்க்கம்பம் வேண்டும். எனவே இது 2 மீட்டர், அதாவது 2000 மி.மீ. குழியில் சக்கரம் இறங்கி ஏறும்போது இது இரு மடங்காகலாம். ஆகவே உட்காரும் இடத்தில் 5000 மி.மீ. தாங்கும் துணி இருந்தால் போதும். 1500 போதாது, 20,000-க்குப் பணம் கொடுக்க வேண்டியதுமில்லை. தொடையின் மேற்பக்கத்துக்கு 1500-ஏ தாராளம். ஒரே கால்சட்டையில் இடத்துக்கு இடம் தேவை மாறுகிறது என்பதே இந்தக் கணக்கின் பாடம்.

துணி நன்றாக இருந்தும் தையல் கெடுத்துவிடும். சென்டிமீட்டருக்கு நான்கு தையல் என்றால், 60 சென்டிமீட்டர் தையலில் 240 ஊசித் துளைகள். உட்காரும் இடத்தில் நடுத்தையல் ஓடினால் அழுத்தம் மிகுந்த இடத்திலேயே துளைகள் வரிசையாக இருக்கின்றன என்று பொருள். கால்சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள். தையலின் மேல் நாடா ஒட்டியிருந்தால் நல்லது. உட்காருமிடத்தில் தையலே இல்லாமல் ஒரே துண்டாக இருந்தால் இன்னும் நல்லது.

'மூச்சுவிடும்' துணி

1823-இல் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கின்டாஷ், இரண்டு துணிகளுக்கு நடுவே இரப்பர்க் கரைசலைப் பூசி நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். மழை உள்ளே வரவில்லை. வேர்வையும் வெளியே போகவில்லை. இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை 1969-இல் அமெரிக்காவில் கிடைத்தது. டெஃப்லான் என்று நாம் அறிந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, வெடுக்கென்று இழுத்தார் ராபர்ட் கோர். அது கிழியாமல், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வாக நீண்டது. நீராவியின் மூலக்கூறு அத்துளைகளைவிடப் பல நூறு மடங்கு சிறியது. மழைத்துளியோ பல ஆயிரம் மடங்கு பெரியது. நீரின் பரப்பு இழுவிசை அதைத் துளைக்குள் நுழையவிடாமல் நிறுத்துகிறது. 1976 முதல் இத்துணி கோர்-டெக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று இதே வேலையைச் செய்யும், விலை குறைந்த பாலியூரித்தேன் பூச்சுத் துணிகளும் உண்டு.

ஆனால் நீராவி தானாக வெளியேறாது. உள்ளே ஆவியழுத்தம் மிகுதியாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். 33 டிகிரியில் இருக்கும் நம் தோலருகே தெவிட்டிய ஆவியழுத்தம் பாதரச அளவில் 37.7 மி.மீ. சமவெளியில் 30 டிகிரியில் மழை பெய்தால் வெளியே 31.8 மி.மீ. வேறுபாடு 6 மட்டுமே. கொல்லிமலையில் 20 டிகிரியில் மழை பெய்தால் வெளியே 17.5 மி.மீ. வேறுபாடு 20. மூச்சுவிடும் துணி மலைமேல் மும்மடங்குக்கு மேல் நன்றாக வேலை செய்யும். அதே துணி கோடை மழையில் நாமக்கல்லில் பெரிதாக உதவாது. விளம்பரம் இதைச் சொல்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. துணியின் மேல் நீர் உருண்டு ஓடுவதற்காகப் பூசப்படும் சில ஃபுளூரின் வேதிப்பொருள்கள், மண்ணிலும் நீரிலும் மிக நீண்ட காலம் சிதையாமல் தங்கிவிடுகின்றன. கொல்லிமலையில் பிறக்கும் அய்யாறு சமவெளிக்கு நீர் கொண்டு வருகிறது. மலைக்குப் போகிறவர் 'ஃபுளூரின் சேர்க்காதது' என்று எழுதியிருக்கும் துணியைத் தேடி வாங்குவது நல்லது.

காற்றோட்டத்துக்கு விலை உயர்ந்த சவ்வுதான் வழி என்பதுமில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மழைநாளில் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டு வயலில் வேலை செய்வார்கள். அது முழுவதும் நீர் புகாததன்று. ஆனாலும் பயன்படுவதற்குக் காரணம், கீழ்ப்பக்கம் முழுவதும் திறந்திருப்பதுதான். மழை சரிவில் வழிகிறது. காற்று கீழே புகுந்து வேர்வையைக் கொண்டுபோகிறது. சைக்கிளில் கொங்காணி சக்கரத்தில் சிக்கும். ஆகவே அதை அப்படியே போட்டுக்கொள்ள முடியாது. அதன் தத்துவத்தை எடுத்துக்கொள்ளலாம். தொளதொளப்பான, கால்வாய் அகன்ற சாதாரண நைலான் அரைக்கால்சட்டை, இறுக்கமான உயர்தரச் சவ்வுக் கால்சட்டைக்குக் காற்றோட்டத்தில் பின்தங்காது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நீர் தாங்கும் சோதனை: ஒரு மீட்டர் நீளமுள்ள, நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுங்கள். ஒரு முனையில் துணியை இறுக்கிக் கட்டுங்கள். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, மேல்முனை வழியாக மெல்ல நீர் ஊற்றுங்கள். துணியில் மூன்று இடங்களில் துளி தோன்றும்போது நீர் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே துணியின் எண். பழைய குடைத்துணி, சட்டைத்துணி, உரச்சாக்கு, மழைக்கோட்டுத் துண்டு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பட்டியல் போடுங்கள்.

ஆவி போகும் சோதனை: ஒரு தம்ளரில் பாதியளவு வெந்நீர் எடுத்து, வாயைத் துணியால் மூடிக் கட்டுங்கள். அதன் மேல் குளிர்ந்த கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். சில நிமிடங்களில் மேல்தம்ளரின் உட்புறம் மங்கினால், துணி ஆவியை விடுகிறது. பிளாஸ்டிக் தாளை வைத்துப் பார்த்தால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடலாம்?

முதலில் மட்கார்டு. அடுத்து, வேர்வையில் ஊறும் பருத்திக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் அரைக்கால்சட்டை ஒன்று. பருத்தி ஈரக்காற்றிலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நீரை உறிஞ்சும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட உறிஞ்சாது. மூன்றாவது, அதன் மேல் மாட்ட மெல்லிய, தொளதொளப்பான நீர் புகாத அரைக்கால்சட்டை. உட்காரும் இடம் அழுத்தம் தாங்காததாக இருந்தால், நம்மூர்த் தையற்காரரிடம் கொடுத்து, உட்புறம் நல்ல மழைக்கோட்டுத் துணியை ஒரே துண்டாக ஒட்டச் சொல்லலாம். தைத்தால் புதுத் துளைகள் வரும். நிறம் மஞ்சளாகவோ வெளிர்நிறமாகவோ இருந்தால் மூடுபனியில் பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும். நான்காவது செலவே இல்லாதது: உலர்ந்த மாற்றுடை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். நின்றதும் மாற்றிக்கொண்டால், நாம் மேலே கணக்கிட்ட 116 கிலோ கலோரியும் உங்கள் உடலிலேயே இருக்கும்.

இதில் பெற்றோரும் பள்ளிகளும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தால், தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளின் கையில் சைக்கிள் வந்தது. மழை மிகுந்த மலைப்பகுதிப் பள்ளிகளில் ஈர உடை காயப்போட ஒரு கொடிக்கயிறும், உடை மாற்ற ஓர் அறையும் இருந்தால் அந்தச் சைக்கிள் மழைக்காலத்திலும் முழுப் பயன் தரும். திண்ணனூர் நாட்டுக்கும் மற்ற நாடுகளுக்கும் இது பெரிய செலவன்று. மழைக்காலத்தில் ஈரச் சீருடையோடு நடுங்குகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

விலைச்சீட்டைப் பார்த்து மட்டும் பொருளின் தரத்தை முடிவு செய்யாதீர்கள். சீட்டில் ஓர் எண் இருந்தால், அது எதை அளக்கிறது, எனக்கு எவ்வளவு தேவை என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் போட உங்கள் பாடப் புத்தகத்திலுள்ள அழுத்தம், உள்ளுறை வெப்பம், ஆவியழுத்தம் என்னும் மூன்று பாடங்களே போதும். அடுத்த மழைக்கு முன் குழாயையும் தம்ளரையும் எடுத்துச் சோதனையைத் தொடங்குங்கள்.